எஸ்.ஏ.டி. தேதியைத் தவறவிட்டீர்களா? முதலில் லிஸ்டை எடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக்கு அப்ளை செய்யும் ப்ளஸ் டூ மாணவர்களில் ஒரு ரகம் உண்டு. எஸ்ஸேயைத் திருத்தித் திருத்தி எழுதியிருப்பார்கள். ரெகமண்டேஷன் லெட்டருக்கு மேத்ஸ் மிஸ்ஸை ஜூன் மாதமே பிடித்திருப்பார்கள். எஸ்.ஏ.டி. ரெஜிஸ்ட்ரேஷனை மட்டும் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்திருப்பார்கள். அடுத்த வாரம் போர்ட்டலைத் திறந்தால் அந்தத் தேதி மூடியிருக்கும்.

பெரும்பாலும் இது சமாளிக்கக்கூடிய சேதம்தான். அடுத்த இரண்டு நாளில் வீட்டில் நடக்கும் கூத்துதான் அதைப் பெரிதாக்கும். அப்பா கல்லூரிக்கு ஐ.எஸ்.டி. போடுவார். அம்மா யாரோ சொன்ன கன்சல்டன்சியில் அட்வான்ஸ் கட்டுவார். மாணவர் பத்துக் கல்லூரிக்கும் ஒரே மெயிலை காப்பி-பேஸ்ட் செய்து அனுப்புவார். உங்கள் சீட்டுக்குப் போட்டி போடுகிற இன்னொரு பிள்ளை அந்த இரண்டு நாளில் பிராக்டிஸ் டெஸ்ட் எழுதி முடித்திருக்கும்.

தவறியது ஒரே தேதிதான். ஆனால் உங்கள் லிஸ்டில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் அதன் பொருள் வேறு. ஒரு கல்லூரிக்கு அது விஷயமே இல்லை, இன்னொன்றுக்கு ஒரு மாதத் தாமதம், மற்றொன்றில் இந்த வருடம் கதவு மூடிவிட்டது. எது எது என்று பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை.

1. தவறியது எந்த டெட்லைன்?

"டெட்லைன் போச்சு" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். எஸ்.ஏ.டி.யைச் சுற்றி நாலைந்து டெட்லைன் இருக்கிறது. வழக்கமான ரெஜிஸ்ட்ரேஷன் தேர்வுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு முடியும். அதன் பிறகு சில நாட்கள் கூடுதல் கட்டணத்தோடு லேட் ரெஜிஸ்ட்ரேஷன் ஓடும். எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டிடம் தேர்வு எழுத லேப்டாப் கடன் கேட்பதென்றால் தேர்வுக்கு 30 நாள் முன்பே கேட்டாக வேண்டும். ஸ்கோரைப் பார்க்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் "இந்த மாதத் தேர்வு வரைதான் ஏற்போம்" என்று ஒரு வரம்பு உண்டு. கடைசியாக, ஸ்கோர் போய்ச்சேர வேண்டிய தேதி.

வழக்கமான தேதி மட்டும் போயிருந்தால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு லேட் ஃபீ கட்டி வாருங்கள். கட்டுரை எங்கேயும் போகாது.

கட்டும்போது ஒன்றைப் பாருங்கள். இங்கே பலருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் நின்றுபோவது கடைசிப் பக்கத்தில், பேமெண்ட்டில்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாக வரும் கார்டுகளில் இன்டர்நேஷனல் டிரான்ஸாக்‌ஷன் ஆஃப் நிலையில்தான் இருக்கும். பேங்க் ஆப்பில் போய் நாமாக ஆன் செய்து, லிமிட்டும் வைக்க வேண்டும். இது தெரியாமல் இரவு பதினோரு மணிக்கு மூன்று முறை டிக்ளைன் வாங்கிவிட்டு, "சர்வர் பிராப்ளம்" என்று சொல்லித் தூங்கப்போகும் குடும்பங்கள் உண்டு. கார்டை முந்தின நாளே தயார் செய்யுங்கள். அது அப்பாவின் கார்டு என்றால் அவர் அப்போது ஊரில் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. கடிகாரம் இரண்டு

காலேஜ் போர்டின் டெட்லைன் அமெரிக்க ஈஸ்டர்ன் நேரம் இரவு 11:59. நம் ஊருக்கு அது மறுநாள் காலை 9:29. நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு 10:29. நேற்றோடு முடிந்தது என்று நீங்கள் நினைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் இன்று காலை காபி குடிக்கும்வரை திறந்திருக்கலாம். போய்ப் பாருங்கள்.

பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போகும் காமன் ஆப்பில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலான கல்லூரிகளுக்கு டெட்லைன் விண்ணப்பிப்பவரின் உள்ளூர் நேரம்தான். நவம்பர் 1 என்றால் மதுரையில் நவம்பர் 1 இரவு 11:59. எஸ்.ஏ.டி.க்குக் கிடைத்த காலைநேரச் சலுகை இங்கேயும் உண்டென்று நம்பி, ஒன்றைக் காப்பாற்றி இன்னொன்றைக் கோட்டைவிடாதீர்கள்.

3. லிஸ்டை நாலாக உடையுங்கள்

கொரோனா வந்த 2020-ல் பெரும்பாலான கல்லூரிகள் டெஸ்ட் ஆப்ஷனல் ஆயின. "எஸ்.ஏ.டி. எல்லாம் இப்ப வேண்டாம்ப்பா" என்று உறவில் ஒரு அண்ணன் சொல்வது அந்தக் காலத்து நினைவு. அதை நம்பி இறங்காதீர்கள். நிலைமை மாறிவிட்டது, ஒவ்வொரு சீசனிலும் இன்னும் மாறுகிறது. அட்மிஷன் பக்கத்தில் இந்த ஆண்டுக்கான பாலிசியை நீங்களே படியுங்கள்.

முதல் பெட்டி: ஸ்கோரைப் பார்க்கவே பார்க்காதவை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ எல்லாம் அடங்கிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பம் முழுவதும் இந்த ரகம். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டிகளும் அப்படியே. 1600-க்கு 1600 எடுத்தாலும் அட்மிஷன் முடிவில் அது கணக்கில் வராது. தேதியைத் தவறவிட்டவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் கூட்டமும் அங்கே அதிகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பத்துக்குத் தனி அப்ளிகேஷன், தனி எஸ்ஸே கேள்விகள். காமன் ஆப்பில் எழுதியதைத் தூக்கிப் போட முடியாது. இன்றே தொடங்குங்கள்.

இரண்டாவது: ஆப்ஷனல். சிகாகோ பல்கலைக்கழகம் கொரோனாவுக்கு முன்பே, 2018-ல், இந்தப் பக்கம் வந்தது. கொலம்பியா 2023-ல் அதையே நிரந்தரப் பாலிசியாக அறிவித்தது. இங்கே ஸ்கோர் இல்லாத ஃபைலைத் தள்ளிவைக்க மாட்டார்கள். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல ஸ்கோரோடு ஒருவர் நிற்பார் என்பதை மறக்க வேண்டாம். ஸ்கோர் இல்லை என்றால் மார்க், லெட்டர், எஸ்ஸே மூன்றும் கூடுதல் பாரம் தூக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மார்க் சீராக ஏறியவருக்கு இது தாங்கும். பதினொன்றாம் வகுப்பில் சறுக்கியவர், அந்தச் சறுக்கலை ஸ்கோரால் மூடலாம் என்று திட்டமிட்டிருந்தால், ஆப்ஷனல் என்ற சொல்லில் ஆறுதல் தேடாமல் அடுத்த தேர்வை எழுதுவதே மேல்.

மூன்றாவது: ஃப்ளெக்ஸிபிள். 2024-ல் யேல் அறிவித்த பாலிசி இது. ஏதாவது ஒரு தேர்வு கட்டாயம், ஆனால் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., ஏ.பி., ஐ.பி. இவற்றில் எதுவானாலும் சரி. பள்ளியில் ஏற்கெனவே ஏ.பி. எழுதியவருக்கு இங்கே வழி இருக்கிறது. இதுவரை எழுதாதவருக்கு இல்லை. ஏ.பி. தேர்வு மே மாதத்தில்தான் வரும், அதற்குள் சீசனே முடிந்துவிடும்.

நான்காவது: கட்டாயம். எம்.ஐ.டி. 2022-லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. (குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைச் சொல்லவில்லை.) 2024-ல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்ட் என்று வரிசையாகத் திரும்ப அறிவித்தார்கள். 2025-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பெட்டியில் கெஞ்சல் எடுபடாது. ஹார்வர்டில், எஸ்.ஏ.டி.யோ ஏ.சி.டி.யோ எழுதவே வழியில்லாதவர்களுக்கு விதிவிலக்காக வேறு தேர்வுகளை ஏற்கும் ஏற்பாடு உண்டு. அது தேர்வு மையம் எட்டாத ஊரில் இருப்பவருக்கு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு மறந்துபோனவருக்கு அல்ல. பொய்க் காரணம் சொல்லி அதில் நுழையப் பார்க்காதீர்கள். அதே சீசனில் உங்கள் ஊரிலிருந்தே பலர் ஸ்கோரோடு அப்ளை செய்திருப்பார்கள். அந்த ஃபைல்களையும் படிப்பது அதே அலுவலகம்தான்.

4. அடுத்த தேர்வு, அடுத்த ரவுண்ட்

எஸ்.ஏ.டி. ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை கிட்டத்தட்ட மாதம் ஒன்றாக வரும். பிறகு மார்ச், மே, ஜூன். ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ரவுண்டான ரெகுலர் டிசிஷனுக்கு டெட்லைன் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். எனவே டிசம்பர் தேர்வு பலருக்கும் கடைசி பஸ். எம்.ஐ.டி. நேரடியாகவே சொல்கிறது: முன்கூட்டியே அப்ளை செய்யும் எர்லி ஆக்‌ஷனுக்கு நவம்பர் தேர்வு வரை, ரெகுலருக்கு டிசம்பர் வரை. எல்லாக் கல்லூரியும் இவ்வளவு தெளிவாகப் போடாது. சில கல்லூரிகள் எர்லி ரவுண்டுக்கு அக்டோபரோடு நிறுத்திவிடும்.

அக்டோபரைத் தவறவிட்டவர் எர்லி டிசிஷனை வலுக்கட்டாயமாகப் பிடித்துத் தொங்க வேண்டாம். அது பைண்டிங். கிடைத்தால் போயே ஆக வேண்டும், ஒரு கல்லூரிக்கு மட்டுமே போடலாம். அப்படிப்பட்ட ஒற்றைச் சீட்டை அரைகுறை ஃபைலில் செலவழிப்பது முட்டாள்தனம். சிகாகோ, வாண்டர்பில்ட், என்.ஒய்.யூ., எமரி, டஃப்ட்ஸ் போன்றவற்றில் ஜனவரி டெட்லைனோடு எர்லி டிசிஷன் 2 என்று இரண்டாவது பைண்டிங் ரவுண்ட் இருக்கிறது. டிசம்பர் ஸ்கோரை ஏற்கிறார்களா என்று பார்த்துவிட்டு அங்கே போடலாம்.

ஸ்காலர்ஷிப்பைத் தனியாகப் பாருங்கள். அட்மிஷன் டெட்லைன் ஜனவரியில் இருந்தாலும், மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு நவம்பர், டிசம்பரிலேயே கதவு மூடும் கல்லூரிகள் உண்டு. சீட் கிடைத்துப் பணம் கிடைக்காமல் போவது நம் வீடுகளில் சீட் கிடைக்காததற்குச் சமம்.

தேர்வு மையத்தில் சீட் தேடும்போது சென்னையோடு நிற்காதீர்கள். கோயம்புத்தூர், பெங்களூரு, கொச்சி எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு இரவு ரயில் பயணம் ஒரு வருடத்தைவிட மலிவு. ஏ.சி.டி.யும் பார்க்கத் தகுந்தது. செப்டம்பர், அக்டோபர், டிசம்பரில் வரும், எஸ்.ஏ.டி.யை ஏற்கும் கல்லூரிகள் அதையும் ஏற்கும். ஆனால் பேட்டர்ன் வேறு. தயாரிப்பே இல்லாமல் தேதி கிடைத்தது என்பதற்காக மட்டும் குதிக்க வேண்டாம்.

5. மெயில்: இங்கேதான் உங்களை எடை போடுவார்கள்

நம் ஊர் ஆபீஸ்களில் ஒரு மெயில் மொழி புழங்குகிறது. "ட்யூ டு அன்அவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்ஸஸ்" என்று தொடங்கி "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடியும். நடுவில் நாலு பத்தி குடும்பக் கஷ்டம். தாசில்தார் அலுவலகத்தில் இது எடுபடலாம். அட்மிஷன் ஆபீசிலும் எடுபடாது, நாளை உங்கள் மேனேஜரிடமும் எடுபடாது. படிப்பவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: நான் என்ன முடிவு சொல்ல வேண்டும்?

நீங்கள் அனுப்ப வேண்டிய மெயிலின் உள்ளடக்கம் இவ்வளவுதான்: "டிசம்பர் எஸ்.ஏ.டி.க்குப் பதிவு செய்திருக்கிறேன். ரிசல்ட் உங்கள் டெட்லைனை ஒட்டி வரும். ரெகுலர் டிசிஷனுக்கு அந்த ஸ்கோரை ஏற்பீர்களா? போர்ட்டலில் நானே பதிவிட்டால் போதுமா, காலேஜ் போர்டிலிருந்து நேராக வர வேண்டுமா?" கீழே முழுப் பெயர், பள்ளி, ஊர், அப்ளிகேஷன் ஐ.டி. முடிந்தது.

இதில் உள்ள சூட்சுமம், கேட்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டது. "பண்ணலாமா?" என்று கேட்பவருக்கும் "பண்ணிவிட்டேன், இது சரியா?" என்று கேட்பவருக்கும் உள்ள வித்தியாசம் எதிரே இருப்பவருக்கு உடனே தெரியும். பதில் வெப்சைட்டிலேயே இருந்தால் மெயில் அனுப்பாதீர்கள். அந்த மெயில், நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட்.

அனுப்புவது மாணவராக இருக்கட்டும். அப்பா அனுப்பினால் அப்பாவின் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நஷ்டம்தான். பல கல்லூரிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அட்மிஷன் ஆபீசர் உண்டு. அவர் பெயர் வெப்சைட்டில் இருந்தால் அவருக்கே எழுதுங்கள். உங்கள் ஃபைலை முதலில் திறப்பவரும் பெரும்பாலும் அவர்தான். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். டெய்லி ஃபாலோ-அப் வேண்டாம், அது சேல்ஸ் டார்கெட் அல்ல.

தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். தேர்வு மையமே மூடப்பட்டது, மழை வெள்ளத்தில் தேர்வு ரத்தானது, மருத்துவமனையில் அட்மிட் ஆனீர்கள். அப்போது தயங்காமல் சொல்லுங்கள். ரத்தான அறிவிப்பையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து கவுன்சலர் ரிப்போர்ட்டை அனுப்புபவர் அதை ஒரு வரியில் உறுதிப்படுத்தினால் எடை கூடும். நம் பள்ளிகள் பலவற்றில் கவுன்சலர் என்று தனியாக யாரும் இல்லை, பிரின்சிபால் ரூமில் இருக்கும் ஆபீஸ் ஸ்டாஃப்தான் அப்லோட் செய்வார். அவருக்கு வேண்டிய விவரத்தை நீங்களே டைப் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள், கூடவே தேதியையும் சொல்லுங்கள்.

மறந்துதான் போனீர்கள் என்றால் காமன் ஆப்பின் அடிஷனல் இன்ஃபர்மேஷன் பகுதியில் அதற்கு விளக்கம் எழுதாதீர்கள். ஆப்ஷனல் கல்லூரி ஏன் ஸ்கோர் இல்லை என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி உங்கள் மீதே புகார் கொடுத்துக்கொள்வானேன்? இன்டர்வியூவில் யாராவது கேட்டால் மட்டும் ஒரே வாக்கியம்: ரெஜிஸ்ட்ரேஷனைத் தவறவிட்டேன், டிசம்பரில் எழுதினேன். அதோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

6. கிடைத்த நாட்களில் என்ன படிப்பது

டிசம்பர் எஸ்.ஏ.டி. முடிந்த கையோடு நம் அரையாண்டுத் தேர்வு வரும். இரண்டுக்கும் முழுநேரம் ஒதுக்க முடியாது. எங்கே மார்க் மலிவாகக் கிடைக்கும் என்று பாருங்கள்.

தேர்வு 2 மணி 14 நிமிடம், புளூபுக் என்ற ஆப்பில். ஆங்கிலம், கணக்கு இரண்டு பகுதியும் இரண்டிரண்டு மாட்யூல். முதல் மாட்யூலை எப்படிச் செய்தீர்கள் என்பதை வைத்தே இரண்டாவது எளிதாக வருமா, கடினமாக வருமா என்று முடிவாகும். எளிதான இரண்டாவது மாட்யூல் வந்தால் உச்ச ஸ்கோர் கைக்கு எட்டாது. எனவே வேகத்தைவிட முதல் மாட்யூலின் துல்லியம் முக்கியம். கணக்குப் பகுதி முழுவதும் ஆப்பிலேயே டெஸ்மாஸ் கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கும். ஸ்டேட் போர்டு, சி.பி.எஸ்.இ. மாணவர்கள் கால்குலேட்டரைத் தொடாமல் வளர்ந்தவர்கள். முழு ஸ்டெப் போட்டு இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் சமன்பாட்டை டைப் செய்து, கோடு எங்கே வெட்டுகிறது என்று பார்த்து அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். ஒரு சனி, ஞாயிறு டெஸ்மாஸோடு உட்காருங்கள். புளூபுக்கில் முழுநீள பிராக்டிஸ் டெஸ்ட்டும் கான் அகாடமியில் பயிற்சியும் இலவசம். கடைசி நேர க்ராஷ் கோர்ஸுக்குக் கொட்டும் பணத்தை விமான டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு முந்தைய சில நாட்களில் அதே புளூபுக் ஆப்பில் எக்ஸாம் செட்டப் முடித்து தேர்வுக்கான அட்மிஷன் டிக்கெட் எடுத்துவைக்க வேண்டும். போனில் எழுத முடியாது, லேப்டாப் அல்லது டேப்லட் வேண்டும். ஐ.டி.யில் உள்ள பெயரும் ரெஜிஸ்ட்ரேஷனில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போடுவதா, அப்பா பெயரை லாஸ்ட் நேமாக விரிப்பதா என்ற நம் நிரந்தரக் குழப்பத்தைத் தேர்வு மையத்தின் கேட்டில் நின்று தீர்க்க முடியாது. ரெஜிஸ்டர் செய்யும்போதே ஐ.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

7. இந்த வருடமே போய்விட்டது என்றால்

கட்டாயம் என்ற பெட்டியில் உள்ளவைதான் உங்கள் இலக்கு, டிசம்பரும் போயிற்று. அப்போது இரண்டு வழி. ஸ்கோர் கேட்காத கல்லூரிகளில் நல்லதைப் பிடிப்பது. அல்லது ஒரு வருடம் நிறுத்தி அடுத்த சீசனில் ஃப்ரெஷ்மேனாகவே வருவது.

இரண்டாவது வழியில் நம் பெற்றோர் ஒரு "சேஃப்டி" செய்வார்கள்: சும்மா இருக்க வேண்டாம் என்று உள்ளூர் இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்துவிடுவார்கள். அது ஆபத்து. டிகிரி படிப்பில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டால் பல அமெரிக்கக் கல்லூரிகள் உங்களை டிரான்ஸ்ஃபர் மாணவராகத்தான் எடுக்கும். அந்த வரிசையில் சீட்டும் குறைவு, வெளிநாட்டவருக்கு நிதியுதவியும் குறைவு. சேர்வதற்கு முன்பே உங்கள் லிஸ்டில் உள்ள கல்லூரிகளின் டிரான்ஸ்ஃபர் விதியைப் படித்துவிடுங்கள்.

நிறுத்தும் வருடத்துக்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி வேண்டும். ஊர்க் கூட்டுறவு சங்கத்தின் கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாற்றிக் கொடுத்தது, மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் ஆறு மாதம் நின்றது, எதுவானாலும் சரி, உண்மையாகச் செய்த வேலையாக இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கும் "ரிசர்ச் இன்டர்ன்ஷிப்" சர்டிபிகேட்டுகளை அந்த ஆபீசர்கள் கட்டுக்கட்டாகப் பார்த்தவர்கள்.

தேர்வை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரேஷன் திறந்ததுமே சீட்டைப் பிடியுங்கள், படிப்பு பிறகு. ஸ்கோர் திருப்தியாக இல்லாவிட்டால் அக்டோபர் இருக்கிறது, அதையும் தாண்டி டிசம்பர் வரை இடம் இருக்கிறது. இந்த முறை கார்டும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.